புகார் மூடப்பட்டது

என் மனைவி சாலைத் துறையில் போன் எடுப்பவள். ரோட்டில் குழி விழுந்தால், ஓரம் அரித்துக்கொண்டு போனால், போட்ட தார் பத்தே நாளில் பெயர்ந்து வந்தால், மக்கள் ஒரு எண்ணுக்கு அழைத்துத் திட்டுவார்களே, அந்தத் திட்டெல்லாம் போய் விழுகிற காது அவளுடையது. பதினோரு வருஷமாக அதே நாற்காலி, அதே ஒப்பந்த வேலை, அதே காது. நான் டாக்ஸி ஓட்டுகிறேன். அதாவது, திட்டுகிறவர்கள் கூட்டத்தில் எனக்கு எப்போதும் முன்வரிசை.

எங்களைச் சேர்த்து வைத்ததே ஒரு குழிதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், பாலத்து இறக்கத்தில் முன்சக்கரம் குழியில் இறங்கி வண்டியின் அச்சு முறிந்தது. நனைந்துகொண்டே நின்று அந்த எண்ணுக்கு அழைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டத் தயாராக இருந்தேன். எடுத்தவள், "முதல்ல சொல்லுங்க சார், உங்களுக்கு அடி ஏதும் பட்டுச்சா?" என்று கேட்டாள். அதுவரை என்னைக் கடந்து போன அத்தனை வண்டிக்காரர்களில் ஒருத்தன்கூட அதைக் கேட்கவில்லை. ஓரமாக எடுக்கச் சொல்லி ஹாரன்தான் அடித்தார்கள்.

அந்தக் கேள்வி அவர்கள் நிரப்புகிற படிவத்திலேயே கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குழி எங்கே, எவ்வளவு பெரிது, அழைத்தவர் எண் என்ன, படிவம் இவ்வளவுதான். அடிபட்டதா என்பது அவளாகச் சேர்த்துக்கொண்டது. குழியை மூடியாயிற்றா என்று கேட்கிற சாக்கில் நான் மறுபடியும் மறுபடியும் அழைத்தேன். கடைசியில் குழியை மூடுவதற்குள் எங்கள் கல்யாணமே முடிந்துவிட்டது.

என் போனில் அவள் எண் 'சாலைத் துறை' என்றுதான் இருக்கிறது. வீட்டிலும் நான் கூப்பிடுவது அப்படித்தான். "துறை, ஒரு காபி கிடைக்குமா?" என்பேன். "மனு கொடுங்க, பரிசீலிக்கிறோம்" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். பெட்ரோல் போட்டால் ரசீது தருவார்கள் அல்லவா, அதன் கடைசி வரியில் ஒரு வரி இருக்கும்: சாலைப் பராமரிப்பு வரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைய ரசீதை மேசையில் வைத்து, "இந்தா, உங்க ஆபீஸுக்கு என் காணிக்கை" என்பேன்.

"அது எங்க ஆபீஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதுங்க. பொதுக் கஜானாவுல போய் விழுந்துடும். எங்களுக்கு வர்றது சொட்டு. மொத்த ஊருக்கும் தார் வண்டி ரெண்டு. அதுல ஒண்ணு படுத்துக்கிச்சு."

"அப்ப எதுக்கு ரோட்டுப் பேரைச் சொல்லி வாங்கறீங்க?"

"வாங்கறது நான் இல்லைங்க. பங்க்ல கேளுங்க."

பங்க்கிலும் கேட்டுப் பார்த்தேன். ரசீது தருகிற பெண், "மெஷின் அடிக்குது, நான் கிழிக்கிறேண்ணே. என்னைக் கேட்டா?" என்றாள். யாரைக் கேட்டாலும் இன்னொருத்தரைக் கை காட்டினார்கள். வயிற்றெரிச்சல் எனக்கு மட்டும் தங்கிவிட்டது. வண்டியில் ஏறுகிறவர்களிடம் இதைப் பற்றி வாய் கிழியப் பேசுவேன். அவர்களும் பேசுவார்கள். இறங்கும் இடம் வந்ததும் இறங்கிப் போய்விடுவார்கள்.

என் முதுகுக்கு மட்டும் இறங்குகிற இடம் வரவில்லை. இருபது வருஷம் இந்த ரோடுகளில் குலுங்கியதில் முதுகெலும்பில் ஒரு தட்டு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது. ஆபரேஷன் செய்ய வேண்டும், இல்லையென்றால் தொழிலை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு எங்களிடம் வழியில்லை. வேறு தொழில் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது. துறையில் வேலை நிரந்தரமானால் குடும்பத்துக்கே வைத்தியச் செலவு அரசாங்கத்தோடது. அந்த வருஷம் நிரந்தரப் பட்டியலில் என் மனைவியின் பெயர் வந்திருந்தது. அவளுடைய பிரிவு அதிகாரி ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பக்கத்துத் தையல்கார அம்மா ஒருத்தர் குழியில் விழுந்தார்.

இங்கே அவர்கள் ஆபீஸ் நடைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜன்னல் இல்லாத அறை, மூன்று மேசை, ஒன்றில் மட்டும் ஆள். சுவரில் ஒரு திரை. புகார் வந்தால் அதில் பச்சையாக ஒரு எண் ஏறும். ஏழு நாள் தாண்டினால் அது சிவப்பாகிவிடும். சிவப்பு சேர்ந்தால் மேலிடத்திலிருந்து அதிகாரிக்கு அர்ச்சனை விழும். அதனால் என் மனைவி என்ன செய்வாள் என்றால், இடத்தையும் அளவையும் குறித்து வேலைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, 'மூடு' என்ற பொத்தானை அமுக்கிவிடுவாள். அவளைப் பொறுத்தவரை தாள் நகர்ந்துவிட்டது, புகாரை மூடியாயிற்று. தார் வண்டி எப்போது வரும் என்பது வேறு விஷயம். பொத்தானை அமுக்கியதும் அழைத்தவருக்குத் தானாக ஒரு மெசேஜ் போகும். 'உங்கள் புகார் மூடப்பட்டது. நன்றி.'

குழிக்காக அழைத்தவனுக்கு மூடப்பட்டது என்று வந்தால் அவன் என்ன நினைப்பான்? குழியைத்தான் நினைப்பான். போய்ப் பார்த்துவிட்டு, "புளுகுறீங்களா?" என்று கத்துவான். அவள் புதிதாக ஒரு எண் போட்டு மறுபடி எழுதிக்கொள்வாள். ஊரில் யாரும் அந்த மெசேஜை நம்பவில்லை என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம்பியவர் ஒருத்தர்தான்.

அந்த அம்மா எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறார். தைத்த துணிகளை ஸ்கூட்டரில் வைத்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவார். அவர் தெருத் திருப்பத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. ஆறு முறை புகார் சொல்லியிருந்தார். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. "நம்ம குழி எப்படிம்மா இருக்கு, ஏதாவது சேதி உண்டா?" என்று சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரி கேட்பார். "நல்லா வளருதுக்கா" என்பாள் இவள். இருவரும் சிரித்துக்கொள்வார்கள். அந்தத் திருப்பம் வந்தால் அவர் இறங்கி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுதான் போவார்.

அன்றைக்கு மழை. ஆறாவது புகாருக்கு அன்று காலைதான் மெசேஜ் வந்திருந்தது. திருப்பத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அடியில் ரோடா பள்ளமா என்று தெரியாது. இத்தனை தடவை சொன்னதற்கு இந்தத் தடவையாவது மூடிவிட்டார்களே என்று அவர் இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அழைத்தார். குரலைக் கேட்டதுமே இவள் வழக்கம்போல, "முதல்ல சொல்லுங்கக்கா, அடி ஏதும் பட்டுச்சா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டிருக்கிறாள்.

"பட்டுச்சும்மா. வலது மணிக்கட்டு ரெண்டா போயிடுச்சு. கத்தரி பிடிக்க ஆறு மாசம் ஆகும்னு சொல்றாங்க. மூடிட்டோம்னு அனுப்பியிருந்தீங்களே. நம்பி நேரா போயிட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் என் மனைவி அன்றே மறந்திருப்பாள். அவள் காதுக்குத் திட்டு பழகிப்போன ஒன்று. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் மேசை முன் உட்கார்ந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு நான், "நீயா போய்க் குழி தோண்டினே? விடு" என்றேன்.

"தோண்டினது நான் இல்லைங்க. மூடினது நான்" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் அந்தப் பொத்தானை அமுக்கவில்லை. போன் எடுத்தாள், எழுதினாள், வேலைப் பிரிவுக்கு அனுப்பினாள். பொத்தான் பக்கம் மட்டும் கை போகவில்லை. ஐந்து வாரத்தில் திரையில் இருநூற்றுப் பதினாலு சிவப்பு ஏறிவிட்டது. ஒரு திங்கட்கிழமை அதிகாரி கூப்பிட்டார்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. மூன்றாவது தார் வண்டி கேட்டு வருஷா வருஷம் எழுதிப் போட்டு அலுத்துப்போனவர். "ஏம்மா, நீ அமுக்கலேன்னா குழி தானா மூடிக்குமா?" என்றாராம்.

"இல்ல சார்."

"அமுக்கினா குழி பெருசாயிடுமா?"

"இல்ல சார். ஆனா அவங்களுக்கு மூடியாச்சுன்னு போகுதே."

"அந்த வாசகம் மேலேருந்து வர்றது. அதுல ஒரு எழுத்தை மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள்ள திரை சுத்தமா இருக்கணும். இத்தனை சிவப்பை வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா உன் பேருக்குக் கையெழுத்துப் போடுவேன்? நீயே சொல்லு."

வீட்டில் இதைச் சொன்னபோது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அரசாங்கம் கண்ணில் மண்ணைத் தூவுகிறது என்று ஊர் முழுக்கப் பேசியவன் நான். நியாயமாக அவள் பக்கம் நின்றிருக்க வேண்டும். நான் சொன்னது, "அமுக்கித் தொலையேன். பதினோரு வருஷமா அமுக்கின கைதானே?" அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஊர்ல இருக்கிறவன் மணிக்கட்டெல்லாம் உனக்குத் தெரியுது, என் முதுகு மட்டும் தெரியலையா?" என்றும் கேட்டுவிட்டேன். அவள் எழுந்து போய் என் முதுகுக்கு வெந்நீர்ப் பையை நிரப்பி எடுத்து வந்து வைத்தாள். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. கேட்டதற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையிலும் மௌனம். அவள் வேலைக்குப் போன பிறகு, எங்கள் தெருமுனைக் குழியைத் தாண்டும்போது முதுகில் சுரீர் என்றது. கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் புகார் எண்ணுக்கு அழைத்தேன். வேறு யார் எடுப்பார்கள்?

"வணக்கம், சாலைப் புகார்ப் பிரிவு. முதல்ல சொல்லுங்க சார், உங்களுக்கு அடி ஏதும் பட்டுச்சா?"

என் எண் அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஆபீஸ் குரலை விடவில்லை.

"பட்டுச்சு. முதுகுல" என்றேன்.

"ரொம்ப வலிக்குதா சார்?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து கொஞ்சம் அதிகமா வலிக்குது. வீட்ல யாரும் பேச மாட்டேங்கறாங்க."

"அது எங்க துறையில வராது சார். குழி எங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். நீளம், அகலம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். புகார் எண் கொடுத்தாள். வைப்பதற்கு முன்னால், "சார், நீங்க சொன்னது சரிதான். அமுக்கிடறேன். ஆனா அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு" என்றாள். கடைசி வார்த்தைகளில்தான் வீட்டுக் குரல் வந்தது.

அந்த வேலை என்னவென்று சாயங்காலம் சொன்னாள். இருநூற்றுப் பதினாலு பேருக்கும் அவளே போன் செய்வது. வருகிற போன்களுக்கு நடுவில், சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் முடிந்து ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக அழைத்தாள். எல்லோரிடமும் ஒரே பேச்சுதான். "உங்க புகாரை இன்னைக்கு மூடறேங்க. மூடப்பட்டதுன்னு மெசேஜ் வரும். அது தாளை மூடறது. குழியை மூடலை. எப்ப மூடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. பார்த்துப் போங்க." அது முடிந்த பிறகுதான் பொத்தான்.

சிலர் அவளையே ஏறு ஏறு என்று ஏறினார்கள். ஒருத்தர், உன் பெயரைச் சொல், உன் மேலேயே புகார் கொடுக்கிறேன் என்றார். ஒரு லாரிக்காரர் ஒரு நிமிஷம் விடாமல் சிரித்துவிட்டு, "உண்மையைச் சொல்றதுக்கு வரி தனியா உண்டாம்மா?" என்று கேட்டார். ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன் உடனே போய்க் கால் உடைந்த நாற்காலி ஒன்றைக் குழியில் செருகிச் சிவப்புத் துணி கட்டிவிட்டு, கட்டிவிட்டேன் என்று திரும்பி அழைத்துச் சொன்னார். அது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. அடுத்து அழைத்தவர்களிடமெல்லாம், "வீட்ல உடைஞ்ச நாற்காலி இருக்கா?" என்றும் சேர்த்துக் கேட்டாள். அந்த வாரம் நான் டாக்ஸி ஓட்டிய தெருக்களில் நாற்காலிகளும் ஓட்டை வாளிகளும் பழைய டயர்களுமாக முளைத்துக்கொண்டே இருந்தன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு எண் மீதி. வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருந்தாள். தொண்டை கட்டிப் போயிருந்தது. தையல்கார அம்மா எடுத்ததும், அதே பேச்சைச் சொன்னாள். மூடறது தாளை, குழியை இல்லை என்ற இடத்தில் பேச்சை நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு, "இதை அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்க்கா" என்றாள்.

அந்த அம்மா, "எல்லாருக்கும் இப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் சொல்லிட்டேன்க்கா."

"அதுக்கு உங்களை ஆபீஸ்ல ஏதாவது பண்ணிடுவாங்களாம்மா?"

என் மனைவி வேலை செய்கிற இடத்தில் அழுதது அன்றைக்கு ஒரு தடவைதான். போனை மூடிக்கொண்டு அழுதிருக்கிறாள். பிறகு பொத்தானை அமுக்கினாள். திரையில் சிவப்பு ஒன்றுகூட இல்லை. அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "இதைத்தானேம்மா நான் சொன்னேன்" என்று மகிழ்ந்து போனார். திங்கட்கிழமை முதல் வேலையாகக் கையெழுத்து என்றார். சனியும் ஞாயிறும் எங்கள் வீட்டில் நன்றாகவே போயிற்று. ஆபரேஷனுக்கு எந்த மாதம் வசதி என்றுகூட நான் யோசித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மேலிடத்துப் போன்கள் அலறின. அவள் அழைத்தவர்களில் பாதிப் பேர் மேலிடத்துக்கே போன் போட்டு, குழியை மூடவில்லை என்று உங்கள் ஆபீஸ் அம்மாவே சொல்கிறார், அப்புறம் மூடியாச்சு என்று மெசேஜ் எப்படி வந்தது, பெட்ரோல் போடும்போதெல்லாம் வாங்குகிற வரியும் இப்படித்தான் மூடப்படுகிறதா என்று பிடித்துக்கொண்டார்கள். அதிகாரிக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அவர் அவளைக் கூப்பிட்டு, "அமுக்கச் சொன்னேன், அமுக்கினே. உன்மேல எழுத எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா இந்த வருஷம் உன் பேர் போகாது. என்னால முடியலை" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று இவள் வந்து சொன்னாள். "இனிமே ஆபீஸ் போன்லேருந்து ஒரு கால்கூட வெளிய போகக் கூடாது" என்றும் சொன்னாராம். "சரி சார்" என்றாளாம்.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தையல்கார அம்மா தெருத் திருப்பத்துக் குழியையும் இன்னும் எட்டுக் குழிகளையும் அந்த வாரமே தார் வண்டி வந்து மூடியது. மெசேஜ் வாசகத்தையும் மேலிடம் அந்தத் திங்கட்கிழமையே மாற்றிவிட்டது. 'மூடப்பட்டது' குழப்பம் தருகிறதாம். இப்போது 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று வருகிறது. இதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள் என்பதால் நான் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

அந்தத் திங்களுக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம். பயணி ஒருத்தரை ஏற்றிக்கொண்டு பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டு ஓரமாக நின்றிருந்தேன். பின்சீட்டில் இருந்தவர் ரசீதை வாங்கிப் பார்த்து, "சாலை வரியாம். எந்தச் சாலைக்குய்யா?" என்று ஆரம்பித்தார். நானும் என் பாட்டைத் தொடங்க வாயைத் திறந்தேன். போன் அடித்தது. ஆபீஸ் போன் இல்லை, அவளுடைய சொந்த போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கம் சார். சாலைப் புகார்ப் பிரிவிலேருந்து பேசறேன். உங்க தெருமுனைக் குழி பத்திப் போன வாரம் சொல்லியிருந்தீங்க. இன்னையோட ஏழு நாள் ஆகுது. தீர்க்கப்பட்டதுன்னு மெசேஜ் வரும். நம்பிடாதீங்க. குழி அப்படியேதான் இருக்கு. உங்க முதுகு வேற சரியில்லை. அந்த இடத்துல மெதுவா வாங்க."

"சரிங்க" என்றேன்.

"யாரு?" என்றார் பின்சீட்டுக்காரர்.

"சாலைத் துறை."

"அட! அவங்க போன் பண்ணி வேற சொல்றாங்களா?"

"எல்லாரும் இல்ல சார்" என்றேன். "ஒருத்தி சொல்லுவா."